வெந்நி ஊத்துன சுவிங்கம்

ரெண்டு வருசமா சண்முகவடிவு புருசனுக்குச் சோறு வைக்கிறதில்ல. சட்டிய வைக்கிறா. ணங்குன்னு. வேணும்னா அள்ளித் தின்னுக்கணும்.

எல்லாம் சுவிங்கத்தால வந்த வினை.

புருசன் ஆண்டியப்பன், தேயிலத் தோட்டத்துப் பெக்டரியில மெசின் பாக்கிற ஆளு. கொழுந்த நசுக்கித் தள்ளுற மெசின் ஒன்ன பழசுன்னு கழிச்சுப் போட்டாங்க. அத வாங்கியாந்து குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால மாட்டி, தேயில வாசத்துல சுவிங்கம் செய்யப் போறேன்னு நின்னான். மெசினு சுவிங்கத்த வெளிய தள்ளல, அதுவே மென்னுகிட்டு இருந்துச்சு. நம்ம ஊரு குளிருல மெசின் வாயிலயே எறுகி ஒட்டிக்கிச்சு.

அப்ப இடியப்பம் புழிஞ்சுகிட்டிருந்த சண்முகவடிவுதான் சொன்னா. "ஒரல்ல மாவு எறுகுனா வாயில வெந்நி ஊத்துறோம். இதுக்கு மட்டும் என்ன கொம்பா மொளைச்சிருக்கு?"

குழாய வளைச்சு, மெசின் வாயச் சுத்தி வெந்நிய ஓட விட்டான். ரிப்பன் கணக்கா வந்துச்சு சுவிங்கம்.

வந்ததும் ஆளே மாறிட்டான். எல்லாம் இந்த மண்டையில உதிச்சதுன்னு லயம் லயமாப் போய்ச் சொன்னான். நோர்வூட்டுல கடை வச்சிருக்கிற மஃறூப் நானாவோட கொழும்புக்குப் போயி லாயரு ஒருத்தரப் பாத்து, இந்த முறைய வேற எவனும் எடுத்துக்க முடியாதபடி பேட்டண்டுக்கும் எழுதிப் போட்டான். எழுதிப் போடுறதுக்கு முந்தி ஒரு கடுதாசிய நீட்டி இவகிட்ட கையெழுத்து வாங்குனான். மரணச் சங்கத்துக் கடுதாசியாக்கும்னு, கொழுந்து பறிக்க மலைக்கு ஓடுற அவசரத்துல இவளும் போட்டுக் குடுத்துட்டா.

அப்புறம் ரெண்டு வருசம். பேட்டண்டு வந்திருச்சா, பஸ்ஸு கெடைக்கலையான்னு கேட்டுக் கேட்டு ஆளுங்க சிரிச்சாங்க. அவன் இளிச்சுகிட்டே நின்னான். பொண்டாட்டி பேர மட்டும் மூச்சு விடல.

இன்னைக்கு, வேலைக்குப் பேரு பதியிற காலைப் பெரட்டுல, வெந்நி யோசனை யாரோடதுன்னு எல்லாரு முன்னாலயும் போட்டு ஒடைச்சுர்றதுன்னு சண்முகவடிவு வரிஞ்சு கட்டிகிட்டுப் போனா.

தோட்டத்துக்கு வர்ற கடுதாசிய பெரட்டுலதான் பேரு சொல்லிக் குடுப்பாங்க. இவ வாயத் தொறக்கப் போன நேரம், வேலைய மேற்பார்வை பாக்கிற கண்டாக்கையா நீட்டு உறை ஒன்ன தூக்கிப் பிடிச்சாரு.

"சண்முகவடிவு."

எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அவளே திரும்பிப் பாத்தா.

பிரிச்சு வாசிக்கச் சொன்னா. கண்டாக்கையா கண்ணாடிய ஏத்திகிட்டு வாசிச்சாரு. "பேட்டண்ட் கெடைச்சிருச்சு. கண்டுபிடிச்சவங்க பேரு சண்முகவடிவு."

"மெசினு ஒங்களதுதானேங்க?" புருசனப் பாத்துக் கேட்டா.

"மெசினு எப்பவோ வந்த பழசாம் புள்ள. புதுசுன்னா ஒன் வெந்நி மட்டுந்தான்னு லாயரு சொல்லிட்டாரு. அதுக்குத்தான் அன்னைக்கு ஒங்கிட்ட கையெழுத்து வாங்குனேன்."

"அப்ப ஏன் ஒங்க மண்டையில உதிச்சதுன்னு தோட்டம் பூராச் சொல்லிகிட்டுத் திரிஞ்சீங்க?"

ஆண்டியப்பன் தலையச் சொறிஞ்சான்.

"கெடைக்காமப் போயிருந்தா எல்லாரும் சிரிச்சிருப்பாங்கல்ல. அந்தச் சிரிப்ப மட்டும் எம்பேருல எழுதி வச்சிருந்தேன்."