நண்பரின் நற்சான்று

ஜாய்ஸ் மேடம் கடிதத்திலிருந்த எண்ணைப் பார்த்துப் பார்த்துத் தன் போனில் அழுத்தத் தொடங்கியதும் பூபாலன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான்.

இப்போதே, இங்கேயே கூப்பிடுவார் என்று யார் கண்டார்கள்? ஒரு வாரம் கழித்துத்தான் விசாரிப்பார்கள் என்று போன வருடம் இந்தத் தேர்வுக்கு வந்துபோன ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார்.

மாமல்லபுரம் தாண்டி, சவுக்குத் தோப்புக்குள் இருக்கும் தியான இல்லத்தில் இரண்டு நாள் தேர்வு. சபையை நடத்தும் ஆயராக விரும்பும் பதினொரு பேர் வந்திருந்தார்கள். நானூறு கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று டிக் அடித்தாயிற்று. வேதாகமத் தேர்வும் எழுதியாயிற்று. கடைசியாக மனநல ஆலோசகர் ஜாய்ஸ் மேடத்தோடு தனியாக ஒரு மணி நேரம். அவர் சரியென்று எழுதினால்தான் இறையியல் கல்லூரி.

பூபாலனுக்கு முப்பத்தைந்து முடியப்போகிறது. அதற்குமேல் விண்ணப்பமே தரமாட்டார்கள். இதை விட்டால் விட்டதுதான்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. விண்ணப்பத்தோடு மூன்று நற்சான்றுக் கடிதங்கள் கேட்டிருந்தார்கள். சபை ஆயர் ஒன்று கொடுத்தார். மின்வாரிய ஆபீஸில் மேலதிகாரி ஒன்று கொடுத்தார். மூன்றாவதில்தான் வந்தது வம்பு. பத்து வருடமாவது உங்களை நெருக்கமாக அறிந்த, உங்கள் சபையைச் சேராத ஒரு நண்பர்.

நண்பருக்கு அவன் எங்கே போவான்?

செய்யூரைச் சுற்றி ஆயிரத்துச் சொச்சம் வீடுகளுக்கு மின்சார ரீடிங் எடுக்கிறவன். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு மீட்டர் பெட்டிக்குள் குளவி இருக்கும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துபடி. போய் நின்றால், "ரீடிங்காரர் வந்துகீறாரு" என்று உள்ளே குரல் கொடுப்பார்கள். பேரென்ன என்று ஒரு ஜீவன் கேட்டதில்லை. அவனும் அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவான்.

அதனால் கடிதத்தை அவனே எழுதிவிட்டான்.

பத்தாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லட்சுமணனின் பெயரை எடுத்துக்கொண்டான். அந்த லட்சுமணன் இப்போது எந்த ஊரில் இருக்கிறானோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம். கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்று இடது கையால் எழுதினான். ஒரேயடியாகப் புகழ்ந்தால் நம்பமாட்டார்கள் என்று 'கொஞ்சம் முன்கோபி' என ஒரு குறையையும் சேர்த்தான். புது சிம் ஒன்று வாங்கி, அந்த எண்ணைக் கடிதத்தின் அடியில் எழுதினான்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று எழுதி முடிக்க. உண்மையைச் சொன்னால், எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. தனக்கென்று ஒருத்தன் நிஜமாகவே இருப்பது மாதிரி இருந்தது.

அந்த சிம்மும் அவன் போனிலேயே கிடந்தது. சத்தத்தைக் குறைத்துவைக்கும் புத்திகூட வரவில்லை.

சட்டைப் பையில் போன் அலறியது.

ஜாய்ஸ் மேடம் திடுக்கிடவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. தன் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, எடுங்கள் என்று தலையை மட்டும் அசைத்தார்.

போச்சு, மானம் கப்பலேறியது. எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தான். கதவு மேடத்துக்குப் பின்னால் இருந்தது. வேறு வழியின்றித் திரையைத் தள்ளிக் காதில் வைத்தான்.

"லட்சுமணனா? பூபாலனைப் பத்திக் கொஞ்சம் கேக்கணும். அவரை உங்களுக்கு நல்லாத் தெரியுமா?"

மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு தடவை, காதுக்குள் ஒரு தடவை என்று அந்தக் குரல் இரண்டு முறை கேட்டது.

"தெரியும் மேடம். எப்பவும் அவன் கூடத்தான் கீறேன். என்னை வுட்டா அவனுக்கு வேற யாருமில்ல."

"ஆயர் படிப்புக்கு அவரை அனுப்பலாமா?"

இந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் தயாராக இருந்தது. ஒரு வாரமாக வண்டி ஓட்டும்போதெல்லாம் சொல்லிப் பார்த்த பதில். பாழாய்ப்போனது, அது வாயில் வரவில்லை.

"வேணாம் மேடம். தேவன் கூப்ட்டாருன்னு உங்ககிட்ட சொல்லியிருப்பான். அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஆயர் வூட்டு வாசல்ல எந்நேரமும் நாலு ஜோடி செருப்பு கெடக்குது. அதைப் பாத்துட்டுத்தான் வந்துகீறான். பொழுது சாஞ்சா வூட்ல பேச ஆளில்ல மேடம். அவ்ளோதான்."

ஜாய்ஸ் மேடம் படிவத்தை இழுத்து, 'பரிந்துரைக்கவில்லை' என்ற கட்டத்தில் அவன் கண்ணெதிரே டிக் அடித்தார்.

முடிந்தது. தன் வாயால் சொன்னதுதான், யாரை நொந்துகொள்வது? அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஆனால் மேடம் போனை வைக்கவில்லை. பேனாவை மூடி ஓரமாகப் போட்டுவிட்டுக் கேட்டார்.

"லட்சுமணன், இன்னும் ஒண்ணே ஒண்ணு. மணி ரெண்டரை ஆகுது. உங்க ஃப்ரெண்டு சாப்பிட்டாரா?"

அம்மா போய் ஆறு வருடமாகிறது. அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை யாரும் கேட்டதாக அவனுக்கு நினைவில்லை.

பூபாலன் போனைக் காதிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"நான் இன்னும் சாப்புடல மேடம்," என்றான்.