ரோஸ் அட்டை நாவல்

"டேய், நம்ம இடிமேகம் கையில என்ன இருக்குன்னு பாரேன்!"

வெல்டர் கிசுகிசுத்ததும் கேன்டீனில் அத்தனை தலைகளும் திரும்பின.

மூலை மேஜையில், தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பின் ஃபோர்மேன் உட்கார்ந்திருந்தார். அவர் ஓர் அதட்டல் போட்டால் ஓடுகிற மெஷினே கொஞ்சம் தயங்கும். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர்.

அவர் கையில் ரோஸ் கலர் அட்டை போட்ட ஒரு நாவல். அட்டையில் ஒரு ஜோடி, ஒரே குடைக்குள் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு நின்றது.

"காதல் காமெடிக் கதை! என் தங்கச்சி விழுந்து விழுந்து படிப்பா," என்றான் வெல்டர்.

"பொண்டாட்டி பெட்டியைக் கட்டிக்கிட்டுப் போயாச்சு. புதுசா யாரையோ புடிச்சிட்டாருப்பா. இல்லேன்னா இந்த வயசுல இவ்வளவு ட்ரெயினிங் எதுக்கு?" என்றார் ஸ்டோர் கீப்பர்.

கேன்டீனே சிரித்தது. ஃபோர்மேன் காதில் விழுந்ததோ என்னவோ, நிமிராமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

கேலி ஒரு பக்கம் இருந்தாலும் ஸ்டோர் கீப்பருக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு பேர் வீடும் ஒரே தெரு. ஃபோர்மேனின் மகளைச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஃபோர்மேனுக்குப் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்தார்.

"தப்பா நினைக்காதீங்கண்ணே. ஆளாளுக்கு ஒண்ணு பேசுறாங்க. காலேஜ் போற பொண்ணை வீட்டுல வெச்சுக்கிட்டு, உங்களுக்கு எதுக்கு இந்தப் புஸ்தகமெல்லாம்?"

ஃபோர்மேன் படித்துக்கொண்டிருந்த பக்கத்தில் விரலை வைத்து நாவலை மூடினார்.

"எனக்கு என்ன புடிச்சா படிக்கிறேன்? இதுல பாரு, போன்ல ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சது. அதைச் சொல்ல இந்த மடையன் ஏர்போர்ட் வரைக்கும் ஓடுறான். அதுவும் கால்ல செருப்பு இல்லாம!"

"அப்புறம் ஏண்ணே?"

ஃபோர்மேன் நாவலை மடியில் வைத்துக்கொண்டார்.

"அவ அம்மா போனதிலேர்ந்து எங்க வீட்டுல பேச்சே இல்லப்பா. 'சாப்பிட்டியா?' 'சாப்பிட்டேன்.' 'ஃபேனை நிறுத்தவா?' 'ம்.' அவ்வளவுதான். வாயைத் திறந்தா அவ அம்மா பேச்சுல போய் முட்டிக்குமோன்னு ரெண்டு பேருக்கும் பயம்."

"சரி..."

"ஒருநாள் சோபாவுல இந்த மாதிரி ஒரு புக் கிடந்தது. எதையாவது கேப்போமேன்னு 'இதுல என்னம்மா கதை?'ன்னு கேட்டேன். அவ்வளவுதான், மடமடன்னு கொட்டிட்டா. அம்மாடி, என் பொண்ணுக்கு இவ்வளவு பேச வருமான்னு எனக்கே ஆச்சரியமாப் போச்சு. அன்னிலேர்ந்து அவ எடுத்துட்டு வர்றதையெல்லாம் நானும் படிச்சிடறேன். சாப்பிடறப்போ அதைப் பத்திப் பேசிக்குவோம். சண்டைகூடப் போட்டுக்குவோம்."

பஸ் சிக்னலில் நின்றது. ஃபோர்மேன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"போன வாரம் ஒரு கதை. அந்தப் பொண்ணு சொல்லாமக் கொள்ளாமக் கிளம்பிப் போயிடறா. 'அவ போனது தப்பாப்பா?'ன்னு கேட்டா இவ."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'அவளை மட்டும் சொல்லி என்னம்மா பிரயோஜனம்? அந்தப் பயலும் அப்பவே வாயைத் திறந்து பேசித் தொலைச்சிருக்கணும்'னு சொன்னேன்."

ஃபோர்மேன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எழுந்து வந்தா. நான் கேக்காமலே என் தட்டுல இன்னொரு கரண்டி போட்டா. பக்கத்துலயே உட்கார்ந்துக்கிட்டா. எம் பொண்ணுக்கு இந்தக் கதைங்கன்னா உசிருப்பா. அவளுக்காக எத்தனை மடையன் ஏர்போர்ட்டுக்கு ஓடினாலும் நான் பின்னாடியே ஓடுவேன்."

ஸ்டோர் கீப்பருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தெருமுனை வந்ததும் இரண்டு பேரும் இறங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. மனைவி படித்து முடித்த புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க லைப்ரரிக்குப் போனவர், அலமாரி ஓரத்தில் ஃபோர்மேனின் மகளைப் பார்த்தார். கை நிறைய பூச்சிகளைப் பற்றிய தடித் தடிப் புத்தகங்கள். அதற்கு மேலே ஒரு காதல் காமெடி நாவல்.

கேன்டீனில் பேசிய பேச்சு இன்னும் அவரை உறுத்திக்கொண்டிருந்தது. அதற்குப் பரிகாரம் மாதிரி, வலியப் போய்ச் சிரித்தார்.

"எடும்மா, எடும்மா. உனக்கு இந்த மாதிரிக் கதைங்கன்னா ரொம்பப் புடிக்குமாமே!"

அவள் சட்டென்று அக்கம்பக்கம் பார்த்தாள்.

"ஐயோ அங்கிள், அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. நாலு பக்கம் தாண்டுறதுக்குள்ள எனக்குக் கொட்டாவி வந்துடும்."

"என்னம்மா சொல்றே? சோபாவுல ஏதோ புக் கிடந்துதுன்னு..."

"அது என் ஃப்ரெண்டோடது. மறந்து விட்டுட்டுப் போயிட்டா. நான் பிரிச்சுக்கூடப் பாக்கல. அப்பா திடீர்னு வந்து 'என்ன கதை?'ன்னு கேட்டாரா... அவரு என்கிட்ட அப்படி ஒண்ணு கேட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா அங்கிள்? பேச்சு நின்னுடக் கூடாதேன்னு வாய்க்கு வந்த கதையெல்லாம் அடிச்சு விட்டேன்."

"அப்போ இதெல்லாம் யாருக்காக?"

"அப்பாவுக்காகத்தான். வெளியில சொல்ல மாட்டாரு, ஆனா அவருக்கு இதெல்லாம் அவ்வளவு இஷ்டம். பாவம், அவருக்கு வேற என்ன சந்தோஷம் இருக்கு, சொல்லுங்க?"

சொல்ல வாயெடுத்த ஸ்டோர் கீப்பர் அப்படியே விழுங்கிக்கொண்டார். பிறகு எட்டி, மேல் தட்டிலிருந்து இன்னும் இரண்டு நாவல்களை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"இதையும் கொண்டு போம்மா. நல்லாப் பேச்சு வரும்."