வெளுத்துப்போன பிளக்

காரிலிருந்து கழற்றிய ஸ்பார்க் பிளக்கை மெக்கானிக் கணவன் மனைவி இருவருக்கும் வெளிச்சத்தில் காட்டினார். முனை சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"டர்போ வச்ச ரோட்டரி எஞ்சின் சார். விரட்டி ஓட்டினா பிளக் இப்படித்தான் வெந்துபோகும். சூட்டைச் சீக்கிரம் வெளியேத்துற கோல்டு பிளக்கா நாலையும் மாத்திடலாம்."

"நான் எங்கங்க விரட்டறேன்?" என்றான் கணவன். "என்னை சைக்கிள்காரன்கூட முந்திட்டுப் போறான். வீடு விட்டா ஆபீஸ். சனிக்கிழமை இவ காய்கறி வாங்க எடுத்துட்டுப் போவா, அவ்வளவுதான். மெதுவா ஓட்டற வண்டிக்கு கோல்டு பிளக் போட்டா கரி பிடிச்சுக்கும்னு நானும் படிச்சிருக்கேன்."

மெக்கானிக் பிளக்கைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

"டாக்டர்கிட்டயும் மெக்கானிக்கிட்டயும் எதையும் மறைக்கக் கூடாதுங்க," என்றாள் மனைவி. "ஸ்போர்ட்ஸ் கார்ல உக்காந்தா யாருக்குமே கால் சும்மா இருக்காது. நான் ஒண்ணும் திட்டமாட்டேன்."

"சத்தியமா நான் விரட்டலை."

"அப்போ பிளக் பொய் சொல்லுதா?"

அவனுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. "என்னத்தையோ மாத்தித் தொலைங்க," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான்.

அவன் தலை மறைந்ததும் மனைவி குரலைத் தாழ்த்தினாள்.

"இந்த சனிக்கிழமை ரேஸுக்கு கோல்டு பிளக் தாங்குமா?"

"போன தடவையைவிட அழுத்தி மிதிங்க மேடம், தாராளமா தாங்கும். மத்த நாள் சார் ஓட்டற வேகத்துக்குத்தான் கரி அப்பிக்கும்."

"அப்பிக்கட்டும். காய்கறி வாங்கப் போறப்போ நான் எரிச்சு விட்டுடறேன்."