இரண்டாவது குரல்

பீளமேட்டு வீட்டில் கிருபாசங்கர் வயதுவந்தோருக்கான காதல் கேம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தான். அதன் நாயகிக்குக் குரல் கொடுத்தவள் அவன் மனைவி லோகப்பிரியா. பாதி வசனம் பேசியதோடு காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மதியம் கேமைச் சோதிக்கும்போது, நாயகி மழையில் நனைந்துகொண்டு வாசலில் நிற்கும் இடத்தில் 'உள்ளே வா' என்ற பொத்தானை அழுத்தினான்.

"ஏனுங்க, பால் பொங்குது பாருங்க."

அவள் குரல்தான். ஆனால் அவன் எழுதாத வசனம். சமையலறையில் வழிந்த பால் சுர்ரென்று தீய்ந்தது. அவள் போனபிறகு அந்த வீட்டில் அவன் பாலே வாங்கியதில்லை.

கிருபாசங்கர் எழவில்லை. அவள் இருந்தபோதும் முதல் குரலுக்கு எழுந்தவனில்லை. இரண்டாவது குரலில்தான் அவள் அவனைப் பேர் சொல்லித் திட்டுவாள். அதைக் கேட்கத்தான் அப்படியே உட்கார்ந்திருந்தான்.