மிச்சமிருந்த ஒரு புகார்

மதிய வெயில் திரைச்சீலை இடுக்கு வழியாக விசைப்பலகைமேல் கோடு கோடாக விழுகிறது. லிஃப்ட் கதவுகளை இயக்கும் மென்பொருளின் புதிய பதிப்பு சற்றுமுன்தான் வெளியாகி, முதல் வேலையாக இதே கட்டடத்து லிஃப்டில் ஏறியிருக்கிறது. அதைக் கொண்டாடக் கீழ்த்தளத்தில் கேக் காத்திருக்கிறது. எல்லோரும் கிளம்பிவிட்டார்கள், குழுத் தலைவி மட்டும் நாற்காலியை விடவில்லை. புகார்ப் பட்டியலில் இந்த ஒரே பதிப்புக்கு விதவிதமான லேபிள்கள் ஒட்டிக் கிடக்கின்றன. "ஒரே பிள்ளைக்கு ஆளுக்கொரு பேர் வச்சா எப்படிடா கூப்பிடறது?" என்று முணுமுணுத்தபடி எல்லாவற்றையும் ஒரே லேபிளுக்குள் சேர்க்கிறாள். "நாளைக்குப் பண்ணக் கூடாதாக்கா?" என்று சிரித்துக்கொண்டே வெளியே போகிறான், அலுவலகமே மாப்பிள்ளை என்று கூப்பிடும் புரோகிராமர். கடைசி லேபிளும் உள்ளே போகிறது. அந்தப் பொது லேபிளின் தீராத புகார்கள் என்ற இடத்தில் நேற்றிலிருந்து அசையாமல் நின்ற பூஜ்யம், ஒன்றாக மாறுகிறது. பிரசவ விடுப்பில் போகும் முன் மென்பொருளைச் சோதிக்கும் பெண் தன் வழக்கமான லேபிளில் எழுதிவைத்துப் போனது அது. அந்த லேபிளில் யாரும் தேடவே இல்லை. 'நடுவில் கை இருந்தாலும் கதவு நிற்பதில்லை. முழு விசையோடு மூடுகிறது.' தலைவி துள்ளி எழுகிறாள், நாற்காலி பின்னால் சாய்ந்து விழுகிறது. கத்த வாய் திறக்கிறாள். நடைவழியின் கோடியில் லிஃப்டின் மணி ஒலிக்கிறது.

"சீக்கிரம் வாங்கக்கா!" மாப்பிள்ளையின் குரல் குதூகலமாகக் கேட்கிறது. "உங்களுக்காகத்தான் கதவைக் கையால பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்!"