பச்சை ரவிக்கை

கதவிடுக்கில் பார்த்த கமலவேணிக்கு வயிறு எரிந்தது. மருமகள் மல்லிகா, மகள் கோகிலாவின் பச்சை ரவிக்கையை மடியில் போட்டுப் பக்கத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் மெர்டேக்கா சுதந்திர தின ஊர்வலத்துக்குத் தைத்த ரவிக்கை. அளவெடுத்தபோது, "கோகிலாவுக்கு அரை கெஜம் கூட வேணும்" என்று சிரித்தவளும் இந்த மல்லிகாதான். அன்றையிலிருந்து சோற்றை ஒதுக்கினாள் கோகிலா. எலும்பும் தோலுமாகிப் போன பிறகும் கண்ணாடி முன்னால் நின்று, "எவ்வளவு பருமன் பாருங்கம்மா" என்று அழுவாள். பெரிய ஆஸ்பத்திரியில் நோய் ஒன்றும் இல்லை என்றுவிட்டார்கள். ரவிக்கையைத்தான் ஐந்து தடவை பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது.

நாலு வாரமாகத்தான் அவளுக்குக் காலையில் இரண்டு தோசை இறங்குகிறது. காஜா பேராங் கோயில் மாரியம்மன் கண் திறந்தாள் என்று கமலவேணி நிம்மதியாக இருந்தாள். அதற்குள் இவள் இப்படியா?

மல்லிகா துணி துவைக்கப் போனதும் ரவிக்கையை எடுத்துப் பார்த்தாள். உள்ளே நாலு தையல் பிரித்த தடம். ஓகோ, நாலு வாரமாக நடக்கிற கூத்தா! மகன் காதுக்குப் போனால் வீட்டில் சண்டை வரும். சத்தமில்லாமல் பழைய கோட்டிலேயே இறுக்கித் தைத்து, கொடியில் போட்டுவிட்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் புறப்பட, கோகிலா ரவிக்கையோடு அறைக்குள் போனாள். கமலவேணி அடுப்படிக்கு வந்தாள்.

"தொளதொளன்னு போட்டுக்கிட்டுப் போனா, கோயில்ல நாலு பேரு சிரிப்பாங்கன்னு ஆசையா உனக்கு? பழையபடி தைச்சு வெச்சிட்டேன்."

மல்லிகா தோசைக் கரண்டியைப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"ஐயோ அத்தை! அவ உடம்பு இப்பதான் தேறுது. வெள்ளிக்கு வெள்ளி போடுற அந்த ரவிக்கை இறுக்குச்சுன்னா, அந்த வாரம் பூரா பட்டினி கிடப்பா. அதனாலதான் வாரம் ஒரு தையல் பிரிச்சுவிட்டேன். என் வாய்தானே அவளைக் கெடுத்துச்சு!"

கமலவேணி திரும்பி அறைக் கதவைப் பார்த்தாள். அறைக்குள் சத்தமே இல்லை. மாரியாத்தா, என் மகள் சோற்றில் நானே மண்ணைப் போட்டேனே!

கதவு திறந்தது. மேல் கொக்கி மாட்ட முடியாமல், முந்தானையைப் போர்த்திக்கொண்டு கோகிலா வந்தாள். கண் சிவந்திருந்தது. தோசையைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு தட்டை இழுத்து வைத்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, இந்த வாரம் பிரிக்க மறந்துட்டீங்களா?"