கடைசிச் சரக்கு

“ஸ்பிரிங் அண்ணே, எல்லார் சரக்கும் லாரியில ஏறியாச்சு. உங்க பதினெட்டுப் பெட்டி மட்டும்தான் பாக்கி. எங்கண்ணே இருக்கீங்க?”

“கிளம்பிட்டேம்மா. வழியிலதான் இருக்கேன்.”

“வழியில ஸ்பிரிங் மிஷினு ஓடுதா?”

ஸ்பிரிங் பட்டறைக்காரர் சட்டென்று போனைக் கையால் மூடிக்கொண்டு, மிஷினை நிறுத்தச் சொல்லி மனைவிக்குச் சைகை காட்டினார். அவள் நிறுத்தவில்லை. கடைசிப் பெட்டிக்கு இன்னும் நாற்பது ஸ்பிரிங் வேண்டும். நிறுத்தினால் வானத்திலிருந்தா விழும்?

“பொய் சொல்றதுக்காவது வாசல் வரைக்கும் போகக் கூடாதா?” என்றாள்.

போனில் பேசியது லோடு மேடம். அந்தத் தெருவில் பத்துச் சின்னப் பட்டறைகள். நட்டு, வாஷர், ரப்பர் வளையம், இரும்பு வார்ப்பு என்று ஆளுக்கொன்று. எவர் சரக்கும் தனியாக ஒரு லாரியை நிரப்பாது. அதனால் பத்துப் பேரும் சேர்ந்து வாரம் ஒரு லாரி பேசி, யார் பெட்டி எப்போது ஏற வேண்டும் என்று திட்டம் போட இந்தப் பெண்ணை அமர்த்தியிருந்தார்கள். பத்துப் பேரையும் ஒரே நேரத்துக்கு, லாரி நிற்கிற யார்டுக்கு வரவைப்பது தவளைகளைப் பிடித்துத் தராசில் நிறுப்பது மாதிரிதான். பாவம், அவள் நிறுத்துக்கொண்டிருந்தாள்.

போன வாரமும் அதற்கு முந்தின வாரமும் ஸ்பிரிங்காரரால்தான் லாரி தாமதம். வாங்குகிற பெரிய கம்பெனி கேட்டை மூடிவிட, பத்துப் பேர் சரக்கும் போன வழியே திரும்பி வந்தது. கூட்டம் போட்டுக் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: இன்னொரு தடவை இப்படி என்றால், ஸ்பிரிங்காரருக்கு லாரியில் இடம் கிடையாது. பதினெட்டுப் பெட்டிக்குத் தனி லாரி பிடித்தால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான். பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

ஆனாலும் மனிதர் அசைந்தாரா? அவருக்கென்று ஒரு கொள்கை இருந்தது.

“சீக்கிரமா போய் அங்க ஈ ஓட்டணுமா? கடைசியா ஏத்தினா நம்ம சரக்கு கதவோரம் இருக்கும். அங்க முதல்ல இறங்கும். உனக்கு என்ன தெரியும்?”

“பட்டறையே போகப் போகுது. இப்பவும் கொள்கை பேசிக்கிட்டு இருங்க” என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

இருபது நிமிடத்தில் மறுபடி போன்.

“அண்ணே, ரப்பர் அக்கா காய்ச்சலோட வந்து நிக்கறாங்க. உங்களுக்குப் பாவமாவே இல்லையா?”

“இதோ வந்துட்டேம்மா. திருப்பத்துல இருக்கேன்.”

“காலையில இருந்து அதே திருப்பத்துலதாண்ணே இருக்கீங்க! நாலு மணிக்கு லாரி போயாகணும். டிரைவர் இஞ்சினை ஸ்டார்ட் பண்ணிட்டாரு. கேக்குதா?”

கேட்டது. முதல் தடவையாக ஸ்பிரிங்காரர் பெட்டிகளை ஒட்ட ஓடினார். அவசரம் என்று வந்தால் எல்லாம் சதி செய்யும் அல்லவா? ஒட்டுகிற டேப் தீர்ந்துபோனது. எடை எழுதுகிற பேனா எழுதவில்லை. வாடகை வேன்காரர் டீ குடிக்கப் போயிருந்தார்.

“பதினாலு வருஷமா உங்களோட குப்பை கொட்டறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் நேரத்துக்குக் கிளம்பியிருக்கீங்களா? நம்ம கல்யாணத்துக்கே நான் வந்து அரை மணி நேரம் கழிச்சுத்தானே மாப்பிள்ளை வந்தாரு!”

“அன்னிக்குச் சட்டை பட்டன் அறுந்துபோச்சுடி.”

“ஆமா, அதையே இன்னும் எத்தனை வருஷத்துக்குச் சொல்லுவீங்க?”

மூன்றாவது போனில் லோடு மேடத்தின் குரல் இறங்கிப்போயிருந்தது.

“அண்ணே, வார்ப்புக்காரர் உங்களை விட்டுட்டுக் கிளம்பச் சொல்றாரு. நட்டு அண்ணனும் அதையேதான் சொல்றாரு. நான்தான் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தி வெச்சிருக்கேன். எனக்கும் பொறுமைன்னு ஒண்ணு இருக்குண்ணே.”

இந்தத் தடவை அவர் பொய் சொல்லவில்லை. டீக்கடைக்கு ஓடி வேன்காரரை இழுத்துவந்தார். கணவனும் மனைவியுமாகப் பதினெட்டுப் பெட்டிகளையும் வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தார்கள்.

“போனதும் எல்லார் கால்லயும் விழுந்துடுங்க” என்றாள் மனைவி. “வெக்கப்படாதீங்க. நம்ம பொழப்பு அதுல இருக்கு.”

“விழறேன். நீ கொஞ்சம் சும்மா வா.”

நாலு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வேன் யார்டுக்குள் நுழைந்தது. ஒன்பது பேர் முகத்தையும் பார்க்கத் துணிவில்லாமல், தலையைக் குனிந்தபடியே இறங்கிக் கைகூப்பினார்.

“எல்லாரும் என்னை மன்னிக்கணும். என் ஒருத்தனால உங்க எல்லாரையும் காக்க வெச்சுட்டேன். இனிமே சத்தியமா...”

பதில் இல்லை. வசவுகூட இல்லை. மெல்லத் தலையை நிமிர்த்தினார்.

லாரி நின்றுகொண்டிருந்தது. டிரைவர் ஸீட்டில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பின்கதவு திறந்திருந்தது, உள்ளே ஒரு பெட்டிகூட இல்லை. யார்டில் லோடு மேடத்தைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை.

“எங்கம்மா எல்லாரும்? நாலு மணின்னு சொன்னியே?”

“லாரி அஞ்சரைக்குண்ணே. இஞ்சின் சத்தம் சும்மா உங்களுக்காகப் போடச் சொன்னது” என்று கூச்சமே இல்லாமல் சொன்னவள், தன் போனை அவர் கையில் திணித்தாள்.

“ஸ்பிரிங்காரர் சரக்கு வந்து சேர்ந்தாத்தான் நாங்க கிளம்புவோம்னு ஒன்பது பேரும் காலையில இருந்து அவங்கவங்க பட்டறையில உட்கார்ந்திருக்காங்க. வந்துட்டாருன்னு நான் சொன்னா ஒருத்தர்கூட நம்ப மாட்டாங்க. நீங்களே பேசுங்கண்ணே!”